எண்பத்தெட்டு சென்டிமீட்டர்

செங்கல்பட்டு
9 ஜூன் 2025

அன்புள்ள தம்பி உசாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டன்வாரிக் மாளிகையை வரையும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. இன்று காலை 9.50க்கு என் மேலதிகாரி ஹேமந்த் அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கிறது, ஆகவே உறுதி. ஆம், ஸ்காட்லாந்தில் நீ வேலை செய்யும் அதே டன்வாரிக் ஹோட்டல்தான். பட்டியலில் பெயரைப் பார்த்ததும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே மாதம் மூன்று பேர் முக்காலியில் ஒரு இயந்திரத்தை வைத்து அறை அறையாகச் சுற்றினார்கள் என்று சொன்னாயே, அவர்கள் எடுத்த அளவுகள்தான் இவை. அந்த இயந்திரம் கண்ணில் பட்ட பரப்பையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிவு செய்யும். புள்ளிகளைப் பார்த்துச் சுவர், கதவு, படி என்று கோடு போடுவது இங்கே நானும் துர்காதேவியும். ஹோட்டலுக்கு லிஃப்ட் வைக்கப்போகிறார்கள்; அதற்காக இந்த வரைபடம்.

கூடவே வந்த குறிப்பின்படி வீடு நான்கு கட்டமாக வளர்ந்திருக்கிறது. முதலில் 1584இல் கட்டிய கல் கோபுரம். 1742இல் அதன் கிழக்கே ஒரு பகுதி. 1836இல் முன்புறம் பெரிய அறைகள், பின்புறம் ஒரு நடை. 1891இல் சமையல் கட்டடம். இவ்வளவையும் ஒரே வீடு என்கிறார்கள்.

வரைபடத்தை உனக்கு அனுப்ப முடியாது, அலுவலக விதி. கேள்விகள் மட்டும் கேட்பேன். போனில் வேண்டாம். பேச ஆரம்பித்தால் அம்மா கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள், அப்புறம் நீ சாப்பிட்டாயா என்பதிலேயே முடிந்துவிடுகிறது. மின்னஞ்சலில் கடிதமாக எழுது. மேனேஜரான உனக்கு எல்லா அறையும் தெரிந்திருக்குமே. எனக்காக ஒருமுறை சுற்றிக் காட்டு.

கோவளத்தில் அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் போகவில்லை. "எம் புள்ள அரண்மனய பாத்துக்கினு கீறான்" என்று மீன் விற்க வருபவர்களிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. என் ஜன்னா மூன்றாம் வகுப்பு போகிறாள். உன் உடம்பு எப்படி? அங்கே குளிர் விட்டதா?

உன் அக்கா,
ஷஹர்பானு


டன்வாரிக்
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். ஜூனிலும் இங்கே ஸ்வெட்டர் வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு மச்சானிடம் சொல்லி நல்ல டாக்டரிடம் காட்டு.

நீ கேட்டபடி சுற்றிக் காட்டுகிறேன். பின்வாசலில் நுழைந்தால் 1891. தரை முழுக்கச் சிவப்புக் கல். கல் தொட்டிகள் நான்கு. அங்கிருந்து நீண்ட நடை. பதினொரு மீட்டர் போனதும் ஒரு படி கீழே இறங்கும்; அங்கே 1836 ஆரம்பம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒருமுறையாவது அந்தப் படியில் கூடையோடு தடுக்குவார்கள். இந்த வீட்டில் எங்கெல்லாம் நூற்றாண்டு மாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு படி இருக்கிறது, ஏறவோ இறங்கவோ. பழைய தரையும் புதிய தரையும் ஒரே மட்டத்தில் எங்குமே சேரவில்லை.

நடையின் சுவரில் இருபத்திரண்டு மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர். அந்தக் காலத்தில் அறையில் கயிற்றை இழுத்தால் இங்கே அடிக்குமாம்.

பின் மாடிப்படி மொத்தம் நாற்பத்தேழு. பதினெட்டாவது தேய்ந்தது, ஈரக்காலில் வழுக்கும். இருபத்துமூன்றாவது முடிந்தால் முதல் மாடி. அங்கே இடப்பக்கம் துணி அலமாரி. அதன் கதவு மட்டும் மற்ற கதவுகளைவிடப் பழையது; பலகை என் இரண்டு சாண் அகலம். கோபுரத்துச் சுவரில் கை வைத்தாலே கண்டுபிடித்துவிடலாம். ஜூலையிலும் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டது போலிருக்கும்.

முன்பக்கம் கூடம், நூலகம், விருந்தறை எல்லாம் அழகாக இருக்கும். இப்போது கல்யாண சீசன். வேலை அதிகம்.

ஜன்னாவுக்கு என் முத்தம்.

தம்பி உசாமா


செங்கல்பட்டு
30 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. நீ சொன்ன படிகளையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழும் சரி. பதினெட்டாவதின் தேய்மானம் புள்ளிகளில்கூடத் தெரிகிறது. நடுவில் 19 மில்லிமீட்டர் பள்ளம்.

இப்போது விஷயம். முதல் மாடியில் கோபுரமும் 1742 பகுதியும் ஒட்டும் இடத்தில் உள்ள சுவரின் மொத்தக் கனம் 2 மீட்டர் 96. கோபுரத்தின் சுவர் மற்ற மூன்று பக்கமும் 1.38. 1742 சுவர்கள் எல்லாம் 0.70. இரண்டையும் கூட்டினால் 2.08. மிச்சம் 88 சென்டிமீட்டர். அது கல்லா, காற்றா?

ஹேமந்திடம் காட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா பானு, 1891 பிளான்ல கருப்பா பூசிகீது பாரு. கெட்டி சொவுரு. மூடிட்டு அடுத்த ரூமுக்குப் போ."

"1891ல வரஞ்சவரு உள்ள போய்ப் பாத்தாரா?"

"நீ போய்ப் பாத்தியா? இங்க செங்கல்பட்டு ஏரிக்கரைல குந்திகினு ஸ்காட்லாந்து சொவுர நோண்டிகினு கீற. சும்மா பேஜாரு பண்ணாத."

துர்காதேவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். போன வருடம் ஒரு பள்ளிக்கூட வேலையில், சொன்னார்கள் என்பதற்காக ஒரு சுவரைக் கெட்டி என்று வரைந்தேன். உடைத்தால் உள்ளே பழைய புகைபோக்கி. சொன்னவர் பெயர் எங்கும் வரவில்லை, வரைந்தவள் பெயர் வந்தது. இரண்டாவது முறை இப்படி நடந்தால் குழுப் பொறுப்பு என்னிடம் இருக்காது.

இந்த முறை அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. லிஃப்டின் இரும்பு உத்திரங்கள் அந்தச் சுவரில்தான் உட்காரப்போகின்றன. உள்ளே வெற்றிடமாக இருந்தால் எடை எங்கே போய் நிற்கும்?

எங்கள் அலுவலகத்தில் மூன்று விதக் கோடு. அளந்தது முழுக்கோடு, பார்த்தது மெல்லிய கோடு, யூகித்தது புள்ளிக்கோடு. இந்த 88 சென்டிமீட்டருக்கு என்ன கோடு போடுவது? முதல் வரைபடம் ஜூலை 18இல் போகவேண்டும். அதற்குள், அந்தச் சுவரின் கிழக்குப் பக்கம் இருக்கும் நூலகத்துக்குப் போய், அதன் மேற்குச் சுவரில் கதவோ பலகையோ ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா ஷஹர்பானு


டன்வாரிக்
16 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூன்று வாரத்தில் ஐந்து கல்யாணம். நலமாக இருக்கிறேன்.

நூலகத்தைப் பார்த்தேன். பெரிய அறை. பச்சை நிறக் கம்பளம். ஜன்னலுக்கு இடப்பக்கம் குளிர்காயும் வெள்ளைக் கல் கணப்பு, அதன் மேல் ஒரு கடிகாரம். மேற்குச் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. கதவு எதுவும் இல்லை. சுவர் கெட்டியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹேமந்த் சொல்வது போல மூடிவிடலாம்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி?

தம்பி உசாமா


செங்கல்பட்டு
21 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவை வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காட்டினோம். தேய்மானம்தான், ஆபரேஷன் வேண்டாம் என்றார். இப்போது நடக்கிறார்கள்.

வரைபடம் 18ஆம் தேதி போய்விட்டது. நான் சுவரை மூடவில்லை. 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதிப் புள்ளிக்கோடு போட்டேன். ஹேமந்த் மேசையைத் தட்டினான். அளவெடுத்த சர்வே நிறுவனம் ஹோட்டலைக் கேட்டது. அங்கே வெற்றிடம் எதுவும் யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தது. ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை வரை எனக்கு அவகாசம். அதற்குள் நிரூபிக்காவிட்டால் சுவர் கெட்டியாகும், என் குழு இங்கே கூட வேலை செய்யும் விஷாலிடம் போகும். இது வாய்ப்பேச்சு இல்லை, எழுத்தில் வந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பற்றி ஒன்று. கணப்பு ஜன்னலுக்கு இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். புள்ளிகளில் வலப்பக்கம் இருக்கிறது. ஹோட்டலின் இணையதளத்தில் உள்ள படத்தில்தான் இடப்பக்கம். அந்தப் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கடிகாரத்தின் எண்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கின்றன. சீசன் நேரம், அவசரத்தில் எழுதியிருப்பாய். அதைப் பற்றி நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

நூலகம் வேண்டாம். நீ பின்பக்கத்தைப் பற்றி எழுதியதில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தவறவில்லை. அதை நம்பித்தான் இதைக் கேட்கிறேன். நீ சொன்ன துணி அலமாரியை வரைபடத்தில் தேடினேன். அது மிகச் சரியாக அந்த 88 சென்டிமீட்டரின் வடக்கு முனையில் இருக்கிறது. அளந்த அன்று அலமாரி பூட்டியிருந்திருக்கிறது. மூடிய கதவு அந்த இயந்திரத்துக்கு வெறும் சுவர். அதன் முதுகுப் பலகையைத் தட்டிப் பார்க்க முடியுமா? உன் மச்சானிடம் சொன்னேன். "பெட்ரோல் டேங்க்க தட்டியே எவ்ளோ கீதுன்னு சொல்றவன் நானு. ஒரு பலகய தட்ட ஒன் தம்பிக்கு இன்னா கஷ்டம்?" என்கிறார்.

வரையும்போது இன்னொன்றும் கவனித்தேன். மூன்று முறை பெரிதான இந்த வீட்டில் மூன்று முறையும் இடம் மாறியது சமையலறை. முதலில் கோபுரத்தில், கூடத்துக்கு நேர் கீழே. 1742இல் பக்கவாட்டுக்குப் போனது. 1836இல் பின்னால். 1891இல் தனிக் கட்டடமாக நடைக்கு அப்பால். புது அறை வரும்போதெல்லாம் வேலை செய்கிறவர்கள் ஒரு கட்டு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறார்கள். வீட்டின் சரித்திரம் முன்வாசலில் இருப்பதாகக் குறிப்பு சொல்கிறது. எனக்கு அது பின் நடையில்தான் கிடைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஷஹர்பானு


செங்கல்பட்டு
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அம்மாவிடம் தினமும் போனில் பேசுகிறாய் என்று தெரியும். ஆகவே உடம்பு நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவளம் போயிருந்தேன். திருப்போரூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் பார்மசி படித்தவள். மாப்பிள்ளை அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அம்மா, மேனேஜர் என்றார்கள். என்னிடம் தனியாகக் கேட்டபோது, ஹோட்டலில் வேலை, என்ன வேலை என்பதை அவனே சொல்வான் என்றேன்.

சுவருக்கு இன்னும் பதினேழு நாள். விஷால் என் கோப்புகளை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். நல்லவன்தான், அவனுக்கும் சங்கடம்.

தட்டிப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று எழுதினாலும் சரி. எனக்கு வேண்டியது உண்மையான அளவு மட்டுமே.

அக்கா ஷஹர்பானு


டன்வாரிக்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இந்தக் கடிதத்தில் உள்ளது எல்லாம் அளந்தது அல்லது பார்த்தது. புள்ளிக்கோடு எதுவும் இல்லை.

நேற்று பகல் இரண்டேகாலுக்கு அலமாரியைத் திறந்தேன். உள்ளே இருந்த முப்பத்தெட்டு விரிப்புகள், அறுபது தலையணை உறைகள், பன்னிரண்டு கம்பளிகள் எல்லாவற்றையும் இறக்கி நடையில் அடுக்கினேன். தட்டுப் பலகைகளையும் கழற்றினேன். உள் அகலம் 87 சென்டிமீட்டர். நீ சொன்னதற்கு ஒன்று குறைவு. பக்கத்துப் பலகையின் கனமாக இருக்கும். ஆழம் 52. முதுகு முழுக்க ஓக் பலகை.

இடப்பக்கச் சுவரைத் தட்டினேன், கல். முதுகைத் தட்டினேன், காலி டேங்க். மச்சானிடம் சொல்.

பலகையில் மரக்கணு விழுந்த துளைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மெல்லிய தாள் துண்டை வைத்தேன். அது உள்ளிருந்து வெளியே ஆடியது. தச்சரிடம் இரவல் வாங்கிய இரும்பு டேப்பை உள்ளே விட்டேன். ஒரு மீட்டர் போனது, இரண்டு மீட்டர் போனது, 2.40இல் முட்டியது. அப்போதுதான் நிதின் வந்தார். மதுராந்தகத்துக்காரர், இங்கே சமையல், நாற்பது வயது.

"இன்னா அண்ணாத்த, துணியெல்லாம் தெருவுல போட்டுட்டு அலமாரிக்குள்ள பூந்துகினு கீற? வூடு கட்றியா?"

"உள்ள ஒரு படி கீதுன்னு நெனக்கிறேன்."

"எதுக்கு? ஏறி ஓடிப்போறதுக்கா? சொல்லிட்டுப் போ, நானும் வரேன்."

அவரே டார்ச் கொண்டுவந்தார். ஒரு துளையில் அவர் டார்ச் பிடித்தார், மற்றொன்றில் நான் கண் வைத்தேன். கல் படிகள். மூன்று தெரிந்தன. கீழிருந்து மேலே போய், இடப்பக்கம் திரும்பி மறைகின்றன. நடுவில் தேய்ந்திருக்கின்றன, நம் பதினெட்டாவது படியைவிட அதிகமாக. பிறகு நிதின் பார்த்தார். "எவ்ளோ பேரு ஏறி எறங்கி இருப்பானுங்க" என்றார்.

அதற்குள் தலைமை ஹவுஸ்கீப்பர் மோராக் அம்மாள் வந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது, இங்கே முப்பத்தோரு வருடம். தரையில் கிடந்த துணியைப் பார்த்து முகம் சிவந்தது. நான் துளையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, முப்பத்தோரு வருடமாக இதன் முன்னால் துணி அடுக்கியிருக்கிறேன் என்றார். எல்லாவற்றையும் மறுபடி மடித்துவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அவரும் கூட மடித்தார்.

இது உனக்குப் போதுமா?

தம்பி உசாமா


செங்கல்பட்டு
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை அலுவலகத்திலேயே மூன்று முறை படித்தேன். துர்காதேவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, லாட்டரி வுழுந்துச்சா?" என்றாள்.

போதாது என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஹேமந்த் உன் அளவுகளை நம்புகிறான். "ஒன் தம்பின்னு நான் நம்புவேன். லிஃப்ட் கம்பெனி நம்புமா?" என்றான். அவன் சொல்வது சரி. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்ற, அந்த இடத்தில் அளந்தவரின் படிவம் வேண்டும். அது சர்வே நிறுவனம் வழியாக நாளை ஹோட்டலுக்கு வரும். அளந்தவர் பெயர், பதவி, அங்கே எவ்வளவு காலமாக வேலை, கையொப்பம். கீழே மேலதிகாரி கையொப்பம்.

பதவிக் கட்டத்தைக் காலியாக விடலாமா என்று ஹேமந்தைக் கேட்டேன். முடியாது என்றான். மோராக் அம்மாளையே அளக்கச் சொல்லி, அவர் பெயரிலேயே அனுப்பினாலும் எங்களுக்கு ஏற்புதான். அதையும் கேட்டுவிட்டேன். எது வசதியோ அதைச் செய்.

படிவம் என் மேசைக்குத்தான் வரும். நான் எண்ணைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பேன். ஹேமந்துக்கு அது ஒரு தாள். கோவளத்துக்கு அது போகாது.

29ஆம் தேதி, இந்திய நேரம் மாலை ஆறு மணி.

அக்கா ஷஹர்பானு


டன்வாரிக்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்.

படிவத்தை நேற்று காலை அனுப்பிவிட்டோம். மோராக் அம்மாள் தன் பெயரில் போடச் சம்மதித்தார். இரண்டு நாள் யோசித்தேன். அளந்தவன் நான். அதனால் என் பெயரை எழுதினேன்.

அளந்தவர்: அ. உசாமா. பதவி: துணி அறை உதவியாளர். பணிக்காலம்: ஒரு வருடம் ஏழு மாதம். அகலம் 87 செ.மீ. உள்நோக்கிய தூரம் 2.40 மீ. கண்ணால் பார்த்த படிகள் மூன்று.

படிவத்தில் உள்ள எல்லாம் சரிபார்த்தது. அதற்கு முன்பு நான் வீட்டுக்குச் சொன்னவற்றில் சரிபார்க்காமல் நீங்கள் ஏற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறது.

தம்பி உசாமா


செங்கல்பட்டு
6 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. எழுதத் தாமதமானதற்குக் காரணம், முடிவு கையில் வரட்டும் என்று காத்திருந்ததுதான்.

முடிவு வந்துவிட்டது. ஆகஸ்ட் 28 காலை சுவரைத் திறந்து வரைந்தேன். இரண்டு பக்கமும் முழுக்கோடு, நடுவில் 88 சென்டிமீட்டர் வெள்ளை, அதில் மூன்று படி. அதற்கு மேல் புள்ளிக்கோடு. லிஃப்ட் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, முதலில் திட்டமிட்ட உத்திரத்தின் ஒரு முனை நேராக அந்த வெற்றிடத்தின் மேல் வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார். செப்டம்பர் 30 தேதியிட்ட கடிதம், நகல் என்னிடம் இருக்கிறது. லிஃப்டை 1891 கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குழு என்னிடமே இருக்கிறது. விஷால் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஹேமந்த், "சரி சரி, நீ ஜெயிச்சுட்ட. அடுத்த வூட்லயாவது சொவுர வுட்டு வையி" என்றான்.

வரைபடத்தின் ஓரத்தில் ஆதாரக் குறிப்பு உண்டு. தாள் 7இல் இப்படி அச்சாகியிருக்கிறது: 'களத்தில் அளந்தவர் அ. உசாமா, துணி அறை, படிவத் தேதி 26.08.2025.' 1584இலிருந்து அந்த வீட்டைக் கட்டியவர்கள், வாங்கியவர்கள், விற்றவர்கள் பெயரெல்லாம் குறிப்பில் இருக்கின்றன. அங்கே வேலை செய்தவர் என்று பெயர் சொல்லி வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தப் படி எதற்கு என்பது இன்னும் யூகம். கோபுரத்துக்கும் புதிய பகுதிக்கும் நடுவே, வேலைக்காரர்கள் விருந்தாளி கண்ணில் படாமல் ஏறி இறங்க 1742இல் விட்ட சந்து என்று துர்காதேவி சொல்கிறாள். 1836இல் பின் நடை வந்ததும் தேவையில்லாமல் போய் அடைத்திருக்கலாம். பொருந்துகிறது, உறுதியில்லை. வரலாற்றுக் கட்டடத் துறை ஆட்கள் பலகையைக் கழற்றிப் பார்க்கப்போகிறார்கள், தேதி சொல்லவில்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. திருப்போரூர்க்காரர்கள் டிசம்பர் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா ஷஹர்பானு


டன்வாரிக்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜன்னாவுக்குக் குணமானது பற்றி மகிழ்ச்சி. இங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது. நான் நலம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அம்மாவுக்கு போன் செய்தேன். நானே சொல்லிவிட்டேன். மேனேஜர் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. விருந்தாளிகளின் விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் துவைக்கப் போட்டு, தேய்த்து, அடுக்குவது என் வேலை என்றேன். முன்பக்க அறைகளில் விருந்தாளி இருக்கும்போது எனக்கு அனுமதி இல்லை என்றும் சொன்னேன்.

அம்மா கேட்டார்கள்:

"துணி மடிக்கிறியா? இந்த வூட்ல ஒரு கைலிய மடிச்சிருப்பியாடா நீ?"

"இப்ப நல்லா மடிப்பேம்மா."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசம் ஆவப்போவுது."

போன் துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"உள்ள வேலதானே? குளிர்ல வெளில நிக்க வக்கிறாங்களா?"

"உள்ளதாம்மா. துணி அறதான் இந்த வூட்லயே சூடான எடம்."

"அது போதும். திருப்போரூராருக்கு நான் சொல்லிக்கறேன். நீ அந்தப் பொண்ணுகிட்ட ஒருவாட்டி நீயே பேசிடு. என்னைய ஏமாத்துன மாரி அதயும் ஏமாத்தாத."

கோபமாக இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நேற்று நான் அழைத்தபோது எடுக்கவில்லை. இன்று காலை அவர்களே அழைத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்கள்.

இன்னும் உறுதியாகாதவற்றை எழுதிவிடுகிறேன். என் விசா பிப்ரவரி 11 வரை. நீட்டிப்பு கிடைக்குமா என்று மோராக் அம்மாள் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார். டிசம்பர் முதல் வாரத்தில் பதில் சொல்வார்கள். பெண்ணிடம் சனிக்கிழமை பேசுவதாக இருக்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

பலகையை நாளை மறுநாள், 18ஆம் தேதி செவ்வாய், காலை பத்து மணிக்குக் கழற்றுகிறார்கள். உங்களுக்குப் பிற்பகல் மூன்றரை. வரவேண்டியவர்கள் பட்டியலை மோராக் அம்மாள் காட்டினார்: வரலாற்றுக் கட்டடத் துறையிலிருந்து இருவர், பொறியாளர், தச்சர், நான். அலமாரியை நாளை மாலை நானும் நிதினும் காலி செய்வோம். படி மூன்று வரை தெரியும். நான்காவது இருக்கிறதா, எங்கே போய் முடிகிறது என்பது அன்றுதான் தெரியும். எல்லோருக்கும் முன்னால் உள்ளே போகப்போகிறவர் தச்சர். அவருக்குப் பின்னால் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பது என்னை.

தம்பி உசாமா